பாதித் தாள் பிரிஜெட்

தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கிறார் பிரிஜெட். விரித்தால் நடுவில் கோடு விழுந்திருக்கிறது. வலப்பாதியில் அவர் கேள்வி எழுதுவார். இடப்பாதி காலி, அது எதிரே இருப்பவர் பதில் எழுத. கணக்குத் தணிக்கை இலாகாவில் இதற்கு ஹாஃப் மார்ஜின் என்று பெயர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பிரிஜெட் மட்டும் முதலில் தாளில் கேட்டு, தாளிலேயே பதில் வாங்கி, அதன் பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடுவார். "ஸ்கிரீன்ல கேட்டா ஆள் முகத்தைப் பாக்க முடியுமா மேன்?" என்பது அவருடைய கட்சி.

வெளிநாட்டு வங்கிகள் கடன் கொடுக்க, பெங்களூரில் குழாய் பதிக்கிறார்கள், பாலம் கட்டுகிறார்கள், ஏரி தூர் வாருகிறார்கள். முதலில் சொன்ன செலவு பிறகு எப்படி இப்படி வீங்கியது என்று போய்க் கேட்பதுதான் பிரிஜெட்டின் உத்தியோகம். வருகிறார் என்று தெரிந்தால் ஆபீசில் டீயும் மசால் வடையும் ஓடி வரும். தொடமாட்டார். அங்கங்கே ஒடுங்கிப்போன பழைய ஃபிளாஸ்க் ஒன்று கைப்பையில் இருக்கிறது. அதன் மூடியில் தன் டீயை ஊற்றிக் குடிப்பார். "உங்க டீயைக் குடிச்சிட்டு உங்களையே கேள்வி கேட்டா, எனக்குத் தொண்டையில நிக்கும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் ரெமிஜியஸ் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், சாது. ஒரு நாள் ரஸல் மார்க்கெட்டிலிருந்து அவர் திரும்பியதும் சாப்பாட்டு மேஜையில் மடித்த தாள் ஒன்று காத்திருந்தது. 'கால் கிலோ பீன்ஸ் சொன்ன இடத்தில் ஒரு கிலோ வந்தது ஏன்?' மனிதர் இடப்பாதியில் அழகாக ஒரு பீன்ஸ் கொடியை வரைந்து, கீழே 'பிஞ்சாக இருந்தது' என்று எழுதிவைத்தார். பிரிஜெட் அதற்கடியில் 'பதில் ஏற்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் பீன்ஸ் பொரியல். ஆலயத்துக் கூரை ரிப்பேர் இழுத்துக்கொண்டே போனபோது பங்குத் தந்தைக்கும் ஒரு தாள் போயிற்று. பாவம் ஃபாதர், அந்த ஞாயிறு பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்து பதில் எழுதினார்.

இந்த மாதம் நீலசந்திராவில் கழிவுநீர்க் குழாய் பதித்த வேலை அவர் மேஜைக்கு வந்தது. நேராகப் போக வேண்டிய குழாய், ஒரு சந்தின் வாசலோடு திரும்பி, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. செலவு எகிறிவிட்டது. பாதையை மாற்றுவதற்கு முன்னால் கடன் கொடுத்த வங்கியின் சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. ஏன் என்று கேட்டு எழுதினார் பிரிஜெட். பொறுப்பிலிருந்த இன்ஜினியர் நாகேஷ், சீக்கிரமே ரிட்டையர் ஆகப்போகிறவர். தாள் போன வேகத்தில் திரும்பி வந்தது. இடப்பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

கைப்பட எதையும் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று இன்ஜினியர்களுக்குச் சீனியர்கள் காதில் ஓதிவைத்திருப்பார்கள். பைத்தியக்கார யோசனை. பதில் இல்லையென்றால் 'பதில் தரப்படவில்லை' என்று அறிக்கையில் ஏறிவிடும். காரணம் சொல்லாத செலவு, வீண் செலவு என்றே நின்றுபோகும். அப்புறம் அந்த மனிதரின் பென்ஷன் எந்த மேஜையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதுதான். வேறு அதிகாரியாக இருந்தால் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுத்திருப்பார். பிரிஜெட்டுக்கு வெள்ளைப் பாதியைப் பார்த்தால் சோறு இறங்காது. கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, குடையோடு நீலசந்திராவுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தச் சந்தில் எதிரே ஒருவர் வந்தால் நாம் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். பிரிஜெட் ஏறி நின்றது மங்களம் என்ற பெண்ணின் வீட்டுப்படி. அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழாய் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று பேச்சுக் கொடுத்தார்.

"வந்துச்சுக்கா. பள்ளம் தோண்டுன அன்னிக்கே நம்ம வூட்டு சொவுரு மேலேந்து கீழ வெடிச்சிச்சு. பக்கத்து வூட்டுதும்தான். மழை வேற கட்டிக்கினு நிக்குது. இன்ஜினியர் சார் ஓடியாந்தாரு. மூடுங்க மூடுங்கன்னு அவரே மம்ட்டிய வாங்கி மண்ணைத் தள்ளுனாரு. அந்தாண்ட ரோட்டுல போட்டுக்கலாம், ஜனம் இருக்கட்டும்னாரு. நல்ல மனுசன்க்கா."

சுவரில் பூசி மறைத்திருந்த விரிசலைப் பிரிஜெட் கையால் தடவிப் பார்த்தார். மனசு கலங்கிவிட்டது. அதற்காகக் கேள்வியை அடித்துவிடுகிற ஆள் இல்லை அவர். வீடுகள் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்பதை முதலிலேயே யாராவது வந்து பார்த்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது. "கடன் குடுத்தது யாரோ. கட்டப்போறது இந்த மங்களமும் நானும்தானே மேன்" என்று அன்று சாயங்காலம் ரெமிஜியஸிடம் பொருமித் தீர்த்தார்.

மறுநாள் காலை நாகேஷின் அறையில் போய் உட்கார்ந்தார். டீ சொல்ல வாயெடுத்த நாகேஷ், யார் வந்திருப்பது என்று நினைவு வந்து மூடிக்கொண்டார்.

"சுவரைப் பாத்துட்டு வந்தேன் சார். ஏன் எழுதலை நீங்க?"

"எழுதினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம். வங்கியைக் கேக்காம மாத்தினேன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரணுமா? பேடா மேடம், வேண்டாம். ரிட்டையர் ஆக ஸ்வல்ப நாள்தான் இருக்கு, சத்தமில்லாம போயிடறேன்."

"கேட்டு எழுதி, அவங்க பதில் வர்ற வரைக்கும் சுவர் நின்னிருக்குமா?"

"எங்க நிக்கும். அன்னிக்கே மழை கொட்டிடுச்சு."

"அதை எழுதுங்க. கேள்வியை நான் எடுக்க மாட்டேன், அது என் வேலை. ஆனா என் கேள்வி மட்டும் தனியா மேல போனா, படிக்கிறவங்க உங்களை என்னன்னு நினைப்பாங்க? எனக்கே அது பிடிக்கலை சார்."

பிரிஜெட் பழைய தாளை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து தன் டீயை ஊற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பேனா உராயும் சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிற்காமல். சுவர், மழை, மண்வெட்டி, வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் என்று எழுதிக்கொண்டே போனார் மனிதர். இடப்பாதி அடிவரைக்கும் நிரம்பி, எழுத்து எறும்பாகச் சிறுத்து, ஓரத்தில் மேலேறத் தொடங்கியது.

"இடம் பத்தலை மேடம்" என்றார், நிமிராமலே.

பிரிஜெட் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கை தன் பழக்கத்தில் அதை நீளவாக்கில் மடித்துவிட்டது; கட்டைவிரல் நகமும் மடிப்பின் மேல் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினார். தாளை விரித்து மேஜையில் வைத்து, அந்த மடிப்பை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து நேராக்கி, முழுத் தாளையும் நாகேஷின் பக்கம் தள்ளினார்.