அந்த மன்னிப்பை நான் கேட்கவில்லை

நான்கு வருடங்களுக்கு முன்பு, நான் பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் நடந்தது இது. ஊர், கொச்சியில் மட்டாஞ்சேரி. அப்பாவின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு இன்றும் அதே வேலைதான், கார்ப்பரேஷனில். அப்பா பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகு குடோனில் மூட்டை தூக்குகிறார். சாயங்காலம் தும்மிக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவள் நான். தமிழ் எழுத்து, வீட்டுக்கு வரும் வார இதழ்களைப் பார்த்து நானாகப் பழகியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு சயன்ஸ் குரூப் கிடைத்தது. எங்கள் தெருவில் அதுவரை யாரும் சயன்ஸ் எடுத்ததில்லை. அதனால் அங்கே என்ன இருக்கும், எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. பள்ளி பள்ளுருத்திப் பக்கம், பஸ்ஸில் போக வேண்டும். பெயர் வேண்டாம்.

முதல் நாள் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். இனி பாடமெல்லாம் இங்கிலீஷில்தான், பத்தாம் வகுப்பு மாதிரி கடைசி மாதத்தில் படித்துத் தேற முடியாது, பிளஸ் ஒன் மார்க்கும் பிளஸ் டூ மார்க்கோடு சேரும், லேபில் கோட் போட வேண்டும் என்று பிரின்சிபால் வரிசையாகச் சொன்னார். பிறகு எங்கள் கிளாஸ் டீச்சர் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகப் பார்த்தார். அவர்தான் கெமிஸ்ட்ரியும் எடுப்பவர். என்ன வேலை என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு மிகவும் அன்பாகவே, ஹ்யூமானிட்டீஸ் குரூப் என்றால் மோளுக்கு, அதாவது மகளுக்கு, சுலபமாக இருக்கும், மாறுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

"கிடைச்சது இதுதானே டீச்சரே. இதையே படிக்கட்டும்" என்று அம்மா எழுந்துவிட்டார்.

முதல் சில வாரங்கள் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கெமிஸ்ட்ரியில் 'மோல்' என்ற அளவை டீச்சர் சொன்னபோது, யாரையோ 'மோளே' என்று கூப்பிடுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரித்துவிட்டாள். அவள் அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் சாயாக்கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவள்தான் என் தோழி. இங்கிலீஷ் வரிகளை அவள் வாசித்து மலையாளத்தில் சொல்வாள். கணக்குகளை நான் போட்டுக் காட்டுவேன். ஓணப் பரீட்சைக்குள் நான் வகுப்பில் தலைநிமிர்ந்து உட்காரும் அளவுக்கு வந்துவிட்டேன்.

டீச்சரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் நன்றாகப் பாடம் நடத்துவார். கெமிஸ்ட்ரி மேல் எனக்கு ஆசை வந்ததே அவர் கிளாஸில்தான்.

லேபில் உதவியாளர் யாரும் இல்லை. அந்த வேலைக்கு ஆளே போடவில்லை. உப்புப் பரிசோதனை முடிந்ததும் எல்லோரும் மிச்சத்தை சிங்க்கில் கொட்டுவோம். ஃபில்டர் பேப்பர், தீக்குச்சி எல்லாம் போய் அடைத்துக்கொள்ளும். அழுகிய முட்டை நாற்றத்தோடு தண்ணீர் தேங்கி நிற்கும். முதல் தடவை அடைத்தபோது டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய் கையை விட்டு எடுத்தேன். டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அடுத்த லேபிலும் என்னையே கூப்பிட்டார். அதற்கடுத்த லேபிலும்.

ஒருநாள் நான் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது, டீச்சர் போர்டை அழித்துக்கொண்டிருந்தார். அன்றைய உப்பு என்ன, அதை எப்படி உறுதிப்படுத்துவது என்று விளக்கி முடித்திருந்தார். வகுப்பு முழுக்க அது தெரியும், எனக்குத் தெரியாது. தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. சிங்க் அடைத்தால் டீச்சரின் கண் யாரையும் தேடுவதே இல்லை. நேராக என்னிடம்தான் வருகிறது.

அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றேன், நகரவில்லை. "மோளே, இங்ஙோட்டு வா. நினக்கு சீலமாயிரிக்குமல்லோ" என்றார். 'உனக்குப் பழக்கமாக இருக்குமே' என்று அர்த்தம். யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். என் காது சுட்டது. இதற்கு முன் நான் வீட்டில் ஒரு டம்ளர் கழுவியதற்கே அம்மாவிடம் அலுத்துக்கொண்டவள். எனக்கு எப்படிப் பழக்கமாகும்? யாருடைய பழக்கத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஞான் மாத்ரம் செய்யில்ல டீச்சரே" என்றேன். நான் மட்டும் செய்ய மாட்டேன். குரல் லேப் முழுக்கக் கேட்டது.

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். வெளியே போய் நிற்கச் சொன்னார். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார். தோழி என் கையைப் பிடித்து, "எடீ, ஞானும் வராம்" என்று கிசுகிசுத்தாள். தானும் சேர்ந்து கழுவுகிறாளாம். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள். "நீயும் வந்தா ரெண்டு பேர் கழுவுவோம், அவ்வளவுதான்" என்று கையை உதறிக்கொண்டு வெளியே வந்தேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் சொல்லவே பயமாக இருந்தது. சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "கை கொஞ்சம் நனைஞ்சா என்ன குறைஞ்சிடும்? ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுட்டு இரு. அவங்களைப் பகைச்சுட்டு அங்க படிக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. குடோன்காரர்களிடம் எத்தனையோ பேச்சு வாங்கிக்கொண்டு எங்களை வளர்த்தவர் அவர். நான் அழ ஆரம்பித்தேன்.

"எதுக்குடி கரையுற? நாளைக்கு நான் வாறேன்" என்றார் அம்மா. அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேலை முடிந்து, குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைச் சேலையில் அம்மா வந்தார். பிரின்சிபால் அறையில் டீச்சர் முன்பே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பணிவு இல்லை, பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை, ஒரு சின்ன உதவிக்கு வகுப்பே பார்க்க எதிர்த்துப் பேசினேன் என்றார். பிரின்சிபால் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அம்மா மலையாளத்தில் சொன்னதை நான் நம் தமிழில் எழுதுகிறேன். "சாரே, அடைப்பு எடுக்குறது கேவலமான வேலைன்னு நான் சொல்ல வரல. நான் செய்யுற வேலைதானே அது. அதுக்கு எனக்கு கார்ப்பரேஷன் சம்பளம் தருது. இவ இங்க படிக்க வந்தவ. எல்லாப் பிள்ளைகளும் முறை வச்சுக் கழுவட்டும், இவளும் கழுவுவா. இவளை மட்டும் கூப்பிட்டா அது உதவி இல்ல சாரே, வேற என்னமோ."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் ஜாதி பார்த்தேன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த அறையில் அந்த வார்த்தையை முதலில் எடுத்தவர் அவர்தான். அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரின்சிபால் இதை எப்படியாவது முடித்துவிடப் பார்த்தார். இனி என்னைத் தனியாகக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் டீச்சரை எதிர்த்துப் பேசியதற்கு ஒரு சாரி சொல்லிவிட்டு நான் கிளாஸுக்குப் போகலாம் என்றார். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டுவார் என்று நினைத்தேன். அம்மா, "தப்புன்னு உனக்குத் தோணினா சொல்லு. இல்லன்னா வேண்டாம்" என்றார் தமிழில்.

நான் யோசித்தேன், உண்மையாகவே யோசித்தேன். கத்தினேனா? இல்லை. மரியாதை இல்லாமல் பேசினேனா? டீச்சரே என்றுதான் சொன்னேன். பிறகு எதற்கு சாரி? வாயைத் திறக்காமல் நின்றேன். பிரின்சிபால் காத்திருந்தார். வெளியே மணி அடித்தது, பிள்ளைகள் வராந்தாவில் ஓடும் சத்தம் கேட்டது, அடங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவர் அலுத்துப்போய், போ என்று கையைக் காட்டினார். நாங்கள் வெளியே வரும்போது, அவள் சாரி சொல்லாமல் அவளுடைய லேப் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டீச்சர் சொன்னது தெளிவாகக் கேட்டது. கையெழுத்து இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும்.

வாசலில் அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "கிளாஸுக்குப் போடி, பீரியட் போகுது" என்று பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த நாட்கள் சுகமாக இல்லை. டீச்சர் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். கை தூக்கினாலும் பார்க்க மாட்டார். வகுப்பில் சிலர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். சிங்க்கை யாரும் தொடவில்லை. தண்ணீர் தேங்கித் தேங்கி, லேப் கதவைத் திறந்தாலே மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. அந்த நாற்றத்துக்கும் என்னைத்தான் பழி சொன்னார்கள்.

ஒருநாள் லேபில், என்னோடு பேசாமல் இருந்த தோழி திடீரென்று எழுந்து போய் கையுறையை மாட்டினாள். யாரும் சொல்லவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டே அடைப்பை எடுத்துப் போட்டாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "ரோல் நம்பர் ஒண்ணு, நான் முடிச்சாச்சு. அடுத்த லேபுக்கு ரெண்டு" என்றாள். ரெண்டாம் நம்பர், முன்பு களுக்கென்று சிரித்த அதே பையன். அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த லேபில் அவன் கழுவினான், குமட்டிக்கொண்டே. அப்படியே முறை நடக்க ஆரம்பித்தது. என் நம்பர் வந்த அன்று நானும் கழுவினேன். கையெல்லாம் நாறியது, ஆனால் என் காது சுடவில்லை. அன்று தோழி எனக்காகப் போர்டில் இருந்ததை எழுதி வைத்திருந்தாள். "நான் அன்னைக்குச் சொன்னது அதிகம்" என்றேன். "அதிகம்தான். வா, சாயா குடிக்கலாம்" என்றாள்.

ரெக்கார்டு மட்டும் பாக்கி இருந்தது. எல்லோருடையதும் கையெழுத்தாகித் திரும்பி வந்தது, என்னுடையது வரவில்லை. நான் இன்டர்வெல்லில் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், டீச்சர் முன்னால் ரெக்கார்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்பேன். கெஞ்சவில்லை. சாரியும் சொல்லவில்லை. மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். மறுநாள் திரும்பவும் போவேன். மற்ற டீச்சர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு பாவம் பார்த்தார்கள், பிறகு நான் அங்கே நிற்பதைக் கண்டுகொள்ளாமலேயே விட்டுவிட்டார்கள். ஒரு மழை நாளில் டீச்சர் பேனாவை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு சமன்பாட்டில் இருந்த தப்பைச் சுழித்துக் காட்டி, "இது திருத்து" என்றார். அங்கேயே திருத்தினேன். கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனசில் என்ன மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே மாறாமல், நான் நின்று நின்று அவருக்கு அலுத்துப்போயிருக்கலாம்.

சினிமாவாக இருந்தால் நான் கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் வாங்கியிருப்பேன். பிளஸ் ஒன்னில் ஜஸ்ட் பாஸ்தான். திரும்ப எழுதி, பிளஸ் டூவில் பரவாயில்லாத மார்க் வாங்கி, இப்போது களமசேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன். எங்கள் தெருவில் இந்த வருடம் இன்னும் இரண்டு பெண்கள் சயன்ஸ் எடுத்திருக்கிறார்கள். பிளஸ் ஒன் எப்படி இருக்கும் என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். இங்கிலீஷ் பயமுறுத்தும், ஒரு பரீட்சை போனால் உலகம் முடியாது, லேப் நன்றாக இருக்கும் என்கிறேன். உங்களைப் பார்த்ததும் உங்கள் இடம் இன்னது என்று சிலர் முடிவு செய்துவிடுவார்கள், அதை எழுந்து நின்று மறுக்க வேண்டிவரும் என்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டு வருடப் படிப்பை நினைத்தால், பிரின்சிபால் அறையில் வாய் திறக்காமல் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகு என்னைக் குனிய வைப்பது யாருக்கும் அத்தனை சுலபமாக இருந்ததில்லை.