எட்டு லிட்டர் பையில் ஒரு பட்டா

கலியமூர்த்தி அண்ணே, எங்கள் அப்பாவின் நிலத்தை எடுத்துக்கொண்டது நீங்கள்தான். மிராசுதார் எடுக்கவில்லை. சர்க்கார் எடுக்கவில்லை. வெள்ளமும் கொண்டுபோகவில்லை. எங்கள் தெருவிலேயே பிறந்து, எங்கள் அம்மா கையால் சோறு வாங்கித் தின்ற நீங்கள் எடுத்தீர்கள். முதுகில் மாட்டி ஓடுகிற ஒரு பையை எப்படிப் பார்த்து வாங்கினேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதே உங்கள் பெயர் வந்துவிட்டது. வந்ததை அழிக்கப்போவதில்லை. ஊரில் இருப்பவர்களும் என்னைப் போல வெளியில் வந்து பிழைப்பவர்களும் படிக்கிற இணையப் பக்கம் இது. எல்லோரும் படிக்கட்டும்.

நான் ஸ்காட்லாந்தில், இன்வர்னஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் மலையில் ஓடுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறேன். ஏற்றத்தில் வேக நடை, இறக்கத்தில் ஓட்டம். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது, இன்றும் எனக்குப் பழகாத ஒரு விஷயம் உண்டு. மலையடிவாரத்தில் மரக்கதவு போட்ட வேலி இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை யாரோ ஒரு பிரபுவுக்குச் சொந்தம். மற்றவர்கள் கதவைத் திறப்பார்கள், உள்ளே போவார்கள், கொக்கியை மாட்டிவிட்டு ஓடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த நாட்டுச் சட்டம் அப்படி. அடுத்தவன் நிலமானாலும் பயிரைக் கெடுக்காமல் நடந்து போகலாம். முதல் நாள் நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். கிரெய்க் என்று ஒருவர், தபால்காரர், ஐம்பது வயது இருக்கும், திரும்பி வந்து என்ன ஆயிற்று என்றார். யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். வழி எனக்குத் தெரியும், கவலைப்படாமல் வா என்றார். நான் அனுமதியைக் கேட்டேன், அவர் வழியைச் சொன்னார். எங்களுக்குள் முதல் பேச்சே அப்படித்தான் ஆயிற்று.

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே. அப்பாவின் காலத்தில் மிராசுதார் வீட்டு ஆள் எதிரே வந்தால் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். என் காலத்தில் இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் யார் வீட்டுப் பெண், இந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்பார்கள். ஓடினால் இன்னும் நாலு கேள்வி கூட வரும். அந்த ஊரில் வளர்ந்த கால், வேலியைக் கண்டால் தானாக நிற்கிறது. நான் என்ன செய்வது?

பைக்கு வருகிறேன். இந்த ஓட்டத்துக்குச் சாதாரண முதுகுப் பை ஆகாது. சட்டையின் மேல் போடும் கையில்லா மேலங்கி போல உடம்போடு ஒட்டி நிற்கும் பை வேண்டும். நெஞ்சுப் பக்கம் இரண்டு பட்டை, தண்ணீர்க் குடுவை வைக்க முன்னால் இரண்டு பை. கடைக்காரப் பெண் மூன்றை எடுத்துப் போட்டாள். இங்கே பையின் கொள்ளளவை லிட்டரில்தான் சொல்வார்கள். ஐந்து லிட்டர் பை காற்று மாதிரி இருந்தது, ஆனால் மழைக் காற்சட்டையை வைத்ததும் ஜிப் மூடவில்லை. பன்னிரண்டு லிட்டர் பையில் எல்லாம் போயிற்று, மிச்ச இடத்தில் சாமான் உருண்டது. எட்டு லிட்டர்தான் சரியாக இருக்கும் போலத் தெரிந்தது. பையின் எடையைப் பார்த்து வாங்காதே, உன் சாமானைப் போட்டு ஓடிப்பார்த்து வாங்கு என்று அவள் சொன்னது நல்ல புத்தி. இதைப் படித்துவிட்டுப் பை வாங்கப் போகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். கிராம் கணக்கு விளம்பரத்துக்கு. முதுகில் குலுங்கும் இருநூறு கிராம், குலுங்காத இரண்டு கிலோவை விட உங்களை அதிகம் களைக்க வைக்கும்.

ஓடும் மெஷினில் ஏறச் சொன்னாள். ஏறினேன். கொஞ்ச நேரம் பார்த்தவள் மெஷினை நிறுத்திவிட்டு, நீ எங்கே ஓடப் பழகினாய் என்று கேட்டாள். உன் தோளுக்கு மேலே எதுவும் அசையவில்லை, பை உன் உடம்போடு பிறந்தது போல இருக்கிறது என்றாள். பள்ளிக்கூட விளையாட்டில் பழகினேனா என்றாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். கதிர்க்கட்டை அவளுக்கு எப்படி விளக்குவது?

அறுவடை மெஷின் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்து, வயலிலிருந்து களத்துக்கு வரப்பு வழியாக ஓடுவோம். நடந்தால் கழுத்து இறங்கிவிடும். நடுவில் இறக்கி வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் கிடையாது. அதனால் ஓட்டம்தான். சின்னச் சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கி, இடுப்புக்கு மேலே அசையக் கூடாது. அசைந்தால் நெல் உதிரும். உதிர்ந்தால் மிராசுதாரின் காரியக்காரர் களத்து மேட்டில் நின்று பெயர் சொல்லித் திட்டுவார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது பின்னால் ஓடிவந்த ராசாத்தி சித்தி, “ஏடி, கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்குற, கட்டு கீழ வுழுந்தா மாப்ள காரியக்காரருதான்” என்பாள். சிரித்தாலும் நெல் உதிரும். அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த ஓட்டத்தைத்தான் கடைக்காரி மெஷினில் பார்த்தாள்.

அந்த மிராசுதாரிடம் நில உச்சவரம்புச் சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்த நிலத்தை எடுத்து, எங்கள் தெருவில் ஒன்பது குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடியது, அப்பா இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார், அதற்கப்புறம் கொடுத்தார்கள். எங்களுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். விற்கக் கூடாது என்று பட்டாவிலேயே அச்சடித்திருந்தது. அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து இரண்டு நாள் சுற்றினார். அடுத்த கேள்வி, அதை எங்கே வைப்பது? எங்கள் தெருவில் எல்லாம் கூரை வீடு. கூரை வீட்டில் காகிதம் நிற்காது. மழை, எலி, நெருப்பு. தெருவில் தளம் போட்ட வீடு ஒன்றுதான், சங்கத்தில் முன்னால் நின்ற கலியமூர்த்தி அண்ணன் வீடு. ரேஷன் அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ், பட்டா என்று தெருவின் காகிதம் முழுக்க அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். எங்களுக்கு அது வழக்கம். யாரும் ரசீது கேட்டதில்லை.

அவர் வந்து வாங்கிக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“ஏன் பெரியப்பா சுமந்துகிட்டு அலையிறிய? எங்கிட்ட குடுங்க. எலி தின்னுடும்” என்றார்.

அப்பா சிரித்தார். “எலி காயிதத்தத் திங்கும்ப்பா. நெலத்தத் திங்காதுல்ல?” என்றார்.

 

அதற்குப் பிறகு அண்ணன் சங்கத்தை விட்டுவிட்டு ஆளுங்கட்சிக்குப் போனார். ஆட்சி மாறியதும் அடுத்த கட்சிக்குப் போனார். வேட்டியின் கரை மாறியது, கூட்டத்தில் மைக்கைப் பிடித்துத் தம்பட்டம் அடிப்பது மட்டும் மாறவில்லை. உழைக்கும் மக்களே என்றுதான் இன்றும் ஆரம்பிக்கிறார். ஒருநாள் பட்டாவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, ஒரு ரேகை வையுங்கள் என்று ஒன்பது வீட்டிலும் காகிதத்தை நீட்டி ரேகை வாங்கினார். பெட்டி அவரிடம், ரேகையும் அவரிடம். நான் அப்போது நர்சிங் படிக்கத் தஞ்சாவூரில் விடுதியில் இருந்தேன். படித்தவள் வீட்டில் இருந்திருந்தால் வாசித்திருப்பேன் என்று இத்தனை வருடமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். 

போன தை மாதம் அப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். நிலம் யாருடையது, என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல் கேட்டார்கள். வாங்கப் போனால், நிலம் உங்கள் பெயரில் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லிவிட்டார். கலியமூர்த்தி அண்ணனின் மனைவி பெயரில் இருக்கிறது. ஒன்பது குடும்பத்து நிலமும். அப்பா நேரே அவர் வீட்டுக்குப் போய்ப் பட்டாவைக் கேட்டிருக்கிறார். பெட்டி துருப்பிடித்துக் காகிதமெல்லாம் கரைந்துவிட்டது என்று பதில். அடுத்த வாரம் வயலின் நாலு மூலையிலும் கல் ஊன்றினார்கள். வேண்டுமானால் குத்தகைக்குப் பயிர் செய்துகொள்ளுங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். ஜெயிலுக்குப் போய் வாங்கிய நிலத்துக்கு எழுபத்திரண்டு வயதில் அப்பா குத்தகைக்காரர்.

இதைக் கேள்விப்பட்ட அந்த வாரம்தான் மலையில் பெரிய பயிற்சி ஓட்டம். தூக்கமில்லை, எனக்கு மூச்சு வாங்கியது. கிரெய்க் பக்கத்தில் வந்து, உன் மழைச் சட்டையை என்னிடம் கொடு, என் பையில் இடமிருக்கிறது, நான் சுமக்கிறேன் என்றார். நல்ல மனுஷன். அவரைப் பார்த்து நான் கத்தினேன், அதுவும் தமிழில். “என் சாமான நான் தூக்கிக்கிறேன், நீ யாரு?” என்று. ஆட்டு மந்தை திரும்பிப் பார்த்தது. பெண் என்பதால் இளக்காரமாக நினைத்துவிட்டார் என்று நான் கோபப்பட்டதாக எண்ணி, அன்று மாலையே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். அதற்கு நான் எழுதிய பதில் ஒரே வரி: உன் மேல் கோபமில்லை, நீ தளம் போட்ட வீட்டுக்காரன் மாதிரி பேசினாய். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கலியமூர்த்தி உன் உறவுக்காரரா என்று கேட்டார். இல்லை, அதைவிட நெருக்கம் என்றேன்.

அண்ணனுக்கு நான் போன் செய்தேன். அவர் தடுமாறக்கூட இல்லை.

“நீ வெளிநாட்டுல நல்லாத்தானே இருக்க தாயி. மூணு மா நெலம் ஒனக்கு எதுக்கு? பழச எல்லாம் தலையில தூக்கிக்கிட்டுத் திரியாத” என்றார்.

“எங்கப்பா ஊருலதாண்ணே இருக்காரு” என்றேன்.

“அவரு எத்தன நாளைக்கு?” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஆனால் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. விடுதியில் சேருவதற்குச் சொத்து விவரம் கேட்டபோது, அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து பட்டாவை ஒரு நாள் கடன் வாங்கித் திருவாரூரில் ஜெராக்ஸ் எடுத்தேன். அசலைத் திருப்பிக் கொடுத்தேன். நகல் என் சான்றிதழ்களோடு ஒட்டிக்கொண்டு, ஊர் ஊராக வந்து, கடைசியில் ஸ்காட்லாந்து வரை வந்திருக்கிறது. அப்பாவின் பெயர், சர்வே எண், தாசில்தார் முத்திரை, பின்பக்கம் நிலத்தின் படம், எல்லாம் தெளிவாக இருக்கிறது.

போன மாதம் போட்டி. மலை ஓட்டப் போட்டியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மழைச் சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில், சாப்பாடு, எல்லாவற்றையும் அவரவரே தொடக்கத்திலிருந்து முடிவு வரை சுமக்க வேண்டும். அடுத்தவர் பையில் கொடுத்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். தொடங்கும் முன் ஒரு வயதான அம்மாள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ஜெராக்ஸ் அவள் கையில் வந்தது. வயல் படத்தைப் பார்த்துவிட்டு, இது இந்த மலையின் வரைபடம் இல்லையே என்றாள். வேறு ஒரு இடத்துக்கு என்றேன். இங்கே இது உனக்கு உதவாது, வீண் சுமை என்றாள். பரவாயில்லை, இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு பிரபுவின் மலையில் யாரையும் கேட்காமல் ஏறி இறங்கினேன். முதுகில் எட்டு லிட்டர் பை. அது குலுங்கவில்லை. அதற்குள், எங்கள் அப்பா கேட்காமல் கால் வைக்க முடியாத மூன்று மா நிலம்.

அண்ணே, வருகிற கிராம சபைக்கு லீவு போட்டு வருகிறேன். மற்ற எட்டு வீட்டுக்கும் சொல்லியாயிற்று. தாசில்தாருக்கும் மனு போகிறது, அது தனி. எனக்கு வேண்டியது உங்கள் வாயிலிருந்து வருகிற பதில். போனில் வேண்டாம், ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம். மைக் உங்களுக்குப் பழக்கப்பட்டதுதான். அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அப்பா முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போன ஒன்பது பட்டா எங்கே?