ஐயாவின் வெள்ளிக்கிழமைப் புதினங்கள்

என்னுடைய அப்பா, நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு காலத்தில் எங்கள் கிராமச் சங்கத்தில் மெம்பராக இருந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, அம்பாள் பொறுத்துக்கொள்ளட்டும். பெரிய பதவி ஒன்றும் இல்லை. கரவெட்டிக்குக் கிட்ட எங்கள் குறிச்சி. அங்கே குளம், மதகு, கிணறு, ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் சந்து, இவற்றைப் பார்ப்பதுதான் சங்கத்தின் வேலை. ஆனால் வேறு மெம்பர்மார் செய்யாத ஒன்றை ஐயா செய்தார். வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசை முடிந்து, ஐயர் திருநீறு கொடுத்ததும், அம்மன் கோயில் வாசலில் நின்று அந்தக் கிழமை, அந்த ஏழு நாளில், சங்கம் என்ன செய்தது என்று சனங்களுக்குச் சொல்லுவார்.

"குளத்திலை பாசி அள்ளியாச்சு. மதகுக்குச் சுண்ணாம்பு வந்திட்டுது, கல்லு வரேல்லை."

இவ்வளவுதான் புதினம், அதாவது செய்தி. ஒன்றும் நடக்காத கிழமையிலும் வந்து நிற்பார். "இந்தக் கிழமை ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லி, சந்நிதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவார். அம்பாளுக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். கோயிலடியில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தமையன். அவருக்கு வாய் சும்மா இராது.

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுறதுக்கும் ஒரு மெம்பர் வைச்சிருக்கிற ஊர் எங்கடை ஊர்தான்!"

சனம் சிரிக்கும். ஐயாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனாலும் அடுத்த வெள்ளி எல்லாரும் வீட்டுக்கு ஓடாமல் நிற்பார்கள்.

அந்த வருடம் சங்கம் எங்கள் ஒழுங்கையை அகலமாக்கிக் கல்லுப் போடுவதென்று தீர்மானித்தது. எங்கள் பக்கத்தில் வேலி நடக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருடா வருடம் பனையோலை கட்டி வேலி அடைக்கும்போது, பட்டுப்போன கதியாலை, அதுதான் வேலித் தடியை, பிடுங்கிப் புதுத் தடி நடுவார்கள். புதுத் தடி பழைய குழியில் நிற்காது. ஒழுங்கைப் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளித்தான் நிற்கும். ஒருவரும் களவெடுப்பதில்லை, கதியால்தான் நடக்கிறது. இரண்டு பக்கமும் இப்படி நடந்து நடந்து, ஒரு காலத்தில் மாட்டுவண்டி போன ஒழுங்கையில் ஒற்றை மாடு போவதே பெரும்பாடாகிவிட்டது. அதனால் திருவிழாவில் அம்பாள் எங்கள் ஒழுங்கைக்கு வருவதும் நின்றுபோயிற்று. வாகனத்தைத் தோளில் சுமந்துகொண்டு வளைவில் திரும்ப இடமில்லை.

அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. கலியாணம் முடித்த பிறகு ஒரு தரமாவது எங்கள் வாசல் படலையில் நிறைகுடம் வைத்து அம்பாளை வரவேற்கக் கிடைக்கவில்லையே என்று வெள்ளி விரதம் பிடித்துக் கும்பிடுவார்.

றோட்டு வேலை பார்க்கிற ஓவசியர் வந்து அளந்து, இரண்டு பக்கமும் முளை அடித்துவிட்டுப் போனார். வேலிகளை முளைவரைக்கும் உள்ளே எடுக்கவேண்டும். முதலில் யார் எடுப்பது? எல்லாரும் மற்றவன் வேலியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஐயா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஒழுங்கை முகப்பில் வீடு இருந்த வாத்தியாரிடம் பக்குவமாகக் கதைத்து, அவர் எடுத்ததும், அந்த வெள்ளியே கோயில் வாசலில் சொன்னார்: "வாத்தியார் தன்ரை வேலியைப் பிடுங்கி அம்பாளுக்கு வழி விட்டிட்டார்."

வாத்தியாரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையில் அவருக்குச் சால்வை தோளில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? வெள்ளியில் தங்கள் பெயரும் வரவேண்டுமென்று, வியாழக்கிழமை என்றால் ஒழுங்கை முழுக்க வேலி கிளப்பும் அலவாங்குச் சத்தம். கடை மாமா வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகுதான் பிடுங்கினார். பிடுங்கின கையோடு, முழங்கையில் மண் காயமுன்னே, கோயிலுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

கடைசியில் மிஞ்சியது எங்கள் வேலி. சரியாக வளைவில் நிற்கிற வேலி. வீட்டு வேலிதானே, எங்கே ஓடப்போகிறது என்று ஐயா அதைக் கடைசிக்கு விட்டிருந்தார். திருவிழாவும் கிட்டிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, "எங்கடை வேலியும் வாற கிழமை உள்ளுக்குப் போகும். இந்த முறை அம்பாள் எங்கடை ஒழுங்கையாலை வருவா" என்று ஐயா சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் துள்ளினேன். அம்மா அசையவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஐயா அலவாங்கோடு வேலியடிக்குப் போனார். அம்மா அங்கே முதலே போய் நின்றார்.

"உது என்ரை ஐயா எனக்குச் சீதனமாய் எழுதின காணி. ஓவசியருக்குச் சொன்னியள், சங்கத்துக்குச் சொன்னியள், ஊருக்கும் சொன்னியள். எனக்கு ஆர் சொன்னது?"

"நீரும் அங்கை கேட்டுக்கொண்டுதானே நிண்டீர்?"

"ஓம். ஊரோடை ஊராய்க் கேட்டன்."

ஐயா அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. அம்மா சோறு போட்டார், ஐயா சாப்பிட்டார், அவ்வளவுதான். ஒழுங்கை முகப்பில் கல்லு வண்டி வந்து நின்றது. வேலி எடுபடாவிட்டால் அம்பாள் பழைய வழியாலேயே போகட்டும் என்று கோயிலில் பேச்சு. எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம். அம்பாளுக்கென்று விரதமும் பிடித்துக்கொண்டு, அந்த அம்பாளையே மறிக்கிறாரே!

வெள்ளிக்கிழமை வந்தது. ஐயா அன்று கோயிலுக்குப் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். பூசை முடிந்ததும் வாசலில் வந்து நின்றார். மதகு முடிந்ததைச் சொன்னார். பொதுக்கிணற்றுக் கட்டில் வெடிப்பு இருப்பதைச் சொன்னார். பிறகும் இறங்கவில்லை.

"எங்கடை ஒழுங்கையிலை ஒரு வேலி நிக்குது. அது எங்கடை வேலி, எடுப்பன் எண்டு போன வெள்ளி நான் சொன்னன். அப்பிடிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது என்ரை மனுசியின்ரை காணி. அவவைக் கேளாமல் சொல்லிப்போட்டன்." ஐயா பெண்கள் பக்கம் திரும்பினார். "இஞ்சாரும், இப்ப கேக்கிறன். அம்பாளுக்கு வழி விடுவீரோ?"

முதலில் கேட்டது கடை மாமாவின் குரல்: "பாருங்கோ, இந்த வயதிலை மெம்பர் பொம்பிளை கேக்கிறார்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஓம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஓவசியர் அடிச்ச முளை காணாது. வளைவிலை அம்பாள் திரும்பவேணும். இன்னும் ஒரு முழம் உள்ளுக்குப் போகட்டும்."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம், "அது என்ரை அம்மா" என்று சொன்னேன். அவர்களுக்குத் தெரியாததுபோல.

அடுத்த நாள் வேலி உள்ளே போனது. கல்லும் போட்டார்கள். திருவிழாவில் அம்பாள் சிங்க வாகனத்தில் எங்கள் வளைவில் ஒரு கொப்பிலும் முட்டாமல் திரும்பி, எங்கள் படலையில் நின்றாள். வாகனம் தூக்கினவர்களில் ஐயாவும் ஒருவர். அம்மா நிறைகுடத்துக்கு முன்னால் கைகூப்பி நின்ற கோலம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அம்பாள் போன பிறகு ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் படலைக்கு வந்தார்கள். எல்லாரும் பிரசாதத்துக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, கடலையில் ஒரு பிடி அள்ளிச் சட்டைக்குள் ஒளித்து வைத்தேன். ஒருவரும் கடலை கேட்கவில்லை. கடை மாமாவின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை ஆரும் கேக்கேல்லை மச்சாள்" என்றார். தோள் நோவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நின்ற ஐயாவுக்கும் அது கேட்டது.

திருவிழா முடிந்து வந்த வெள்ளி, ஐயா வழக்கம்போல வாசலில் நின்றார். "ஒழுங்கை வேலை முடிஞ்சுது" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. "வாத்தியார் வேலி விட்டார் எண்டு சொன்னன். அது வாத்தியாரின்ரை மனுசி விட்ட நிலம். கடைக்காரர் விட்டார் எண்டு சொன்னன். அது அவரின்ரை மனுசிக்குச் சீதனமாய் வந்த காணி..." இப்படியே ஒழுங்கையின் ஒரு தலையிலிருந்து மறு தலைவரைக்கும் போனார்.

"எட, பழைய புதினத்தைத் திருப்பி அவிக்கிறீரோ மெம்பர்?" என்றார் மாமா. ஆனால் குரலில் பழைய எடுப்பு இல்லை.

"பழசுதான். பிழையாய்ச் சொன்னதை இண்டைக்குச் சரியாய்ச் சொல்லுறன்."

பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. நின்று நின்று எனக்குக் கால் உளைந்தது. எல்லாருக்கும் தெரிந்த வேலிகளை ஐயா ஏன் மறுபடி சொல்லி நேரத்தைப் போக்குகிறார் என்று அலுப்பாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது, புதுக்கல்லு காலில் குத்த, நான் முன்னால் ஓடினேன். வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். என்றைக்கும் ஐயாவுக்குப் பின்னால் நாலடி தள்ளி வருகிற அம்மா, அன்றைக்கு ஐயாவுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். ஒழுங்கை அகலமாகிவிட்டது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.