வெள்ளிக்கிழமை மூடிக்கிடந்த கடைத்தெரு

"அண்ணி, நேர்ல பாக்கப் போறீங்க... இந்தத் தடவையாச்சும் கணக்கு முடிச்சிட்டு வருவாரான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

தம்பி மனைவி மல்லிகா புதுக்கோட்டையிலிருந்து போனில் கேட்டது இது. மீன் பொரியும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் பஹ்ரைனில், ஈசா டவுனில் ஆசிரியை. தம்பி செல்வம் சவூதியில், யான்பு எண்ணெய் ரிஃபைனரியில் பைப் வேலை. ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும், கணக்கு முடித்து வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடாமல், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பான். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

சவூதிக்குச் சுற்றுலா விசா சுலபமானதும் நானும் கணவரும் கிளம்பினோம். யான்பு பழைய துறைமுக ஊர். செங்கடலோரத்தில் பவளக்கல் வீடுகளைப் பார்க்கலாம், இவனிடம் நேரில் பதிலும் வாங்கலாம்...

செல்வத்துக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் பஸ் காலையில் ஊருக்குள் இறக்கிவிடும், மாலைத் தொழுகை முடிகிற நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளும். அதற்குள் எங்கெங்கே போவது என்று நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

போனால், பழைய கடைத்தெரு முழுக்கப் பூட்டு! வெள்ளிக்கிழமை பகலில் கடைகள் திறக்காது என்பது இத்தனை வருடம் வளைகுடாவில் இருந்த எங்களுக்கு உறைக்கவேயில்லை.

"டீச்சரம்மா டைம்டேபிள் போட்டாங்க, ஊரே ஆப்சென்ட்" என்றார் கணவர்.

செல்வம் சிரித்தான். "நான் வந்ததுலேருந்து இப்படித்தான் அத்தான். எனக்கு லீவுன்னா இந்த ஊருக்கும் லீவு. இந்த நீலக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது."

ஓர் உதாரணம் சொன்னால் புரியும். சில பள்ளிகளில் நூலகம் திறந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும். வகுப்பு முடிந்ததும் நூலகத்தையும் பூட்டிவிடுவார்கள். செல்வத்துக்கு யான்பு அப்படித்தான் இருந்திருக்கிறது.

மதியத் தொழுகை முடிந்து முதலில் திறந்தது ஒரு மீன் கடை. பொரித்த மீனை வாங்கிக்கொண்டு கடலோரம் உட்கார்ந்தோம். பார்க்க வேறொன்றும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"மல்லிகா கேக்கச் சொன்னா. வர்றியா, மாட்டியா?"

"மீன் நல்லாருக்குல்லக்கா?"

"மீனை விடுடா."

முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஊருக்குப் போனா ரெண்டு வாரம் நல்லாருக்கும். அப்புறம் ஆளாளுக்கு எப்பத் திரும்பப் போறேன்னு கேப்பாங்க. அவளும்தான் கேட்டா" என்றான்.

"இப்ப அவ கேக்கறது அது இல்லடா. எப்ப வர்றேன்னுதான் கேக்கறா."

கையிலிருந்த மீன் முள்ளைக் கடலில் எறிந்தான்.

மாலையில் கடைத்தெரு முனையில் பஸ் வந்து நின்றது. "யல்லா, ஜல்தி!" என்று டிரைவர் அவசரப்படுத்தவும், எதிரே யாரோ அந்த நீலக் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுக்கா" என்றான் செல்வம்.

"சொல்ல மாட்டேன். நீயே பாரு."

"வேலைநாள்ல நான் எங்கக்கா... கணக்கு முடிச்சு வேலைய விட்டாத்தான் உண்டு."

சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு ஏறிவிட்டான்.

சில மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் போனில் ஒரு படம். அதே நீலக் கதவு, திறந்தபடி. உள்ளே பேரீச்சம்பழக் கூடைகளும் தேன் பாட்டில்களும். வாசலில் தேய்த்த சட்டையோடு செல்வம். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

உடனே மல்லிகாவைக் கூப்பிட்டேன். "வர்றான்மா."

"சொன்னாரா அண்ணி?"

"சொல்லலை. வேலைநாளு, செவ்வாக்கெழம, கடைத்தெருவுல நிக்கறான்."



இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். செல்வம் புதுக்கோட்டையில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும். லீவு செவ்வாய்க்கிழமை. அந்தப் பழைய தெருவுக்கு இப்போது ஊர் ஊராய் ஆட்கள் வந்து படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் பார்த்தது என்னவோ பூட்டிய கதவுகளைத்தான். அதில் எனக்குக் குறையில்லை.

நீங்கள் பிழைக்கப் போன ஊரில், ஒரு வேலைநாளில் லீவு போட்டு, ஒரு தெருவையாவது நடந்து பாருங்கள்.