பச்சைக் குப்பை பின்னுக்குள் போட்ட மூலிகை

நிமோனியாவிலிருந்து தேறிய என் மனைவிக்கு நான் வைத்த ரசம் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக்காரர் சான், வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் பலம் தரும் என்று ஒரு மூலிகைத் தூள் கொண்டுவந்தார். ஏலக்காய், தாமரை விதை, பெயர் தெரியாத வேர்கள் எல்லாம் சேர்த்து அரைத்தது. டொக்டரும் குடிக்கலாம் என்றார். பத்தாம் நாள் அவள் சோறு கேட்டாள்.

"சான் அண்ணை தந்ததைக் குடிச்சாப் பிறகுதான் பசிக்குது" என்று ரொறன்ரோவில் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போனில் சொன்னாள். அவ்வளவு நாளும் அடுப்படியில் நின்றவன் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சப் பொட்டலங்களை வாசலில் நின்ற பச்சைக் குப்பை பின்னுக்குள் போட்டுவிட்டு, "தூள் முடிஞ்சுது" என்றேன்.

மறுநாள் காலை பார்த்தால், இரவில் குப்பை கிளற வரும் ரக்கூன் பின்னைக் கவிழ்த்திருந்தது. சான் குனிந்து தன் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மனைவிக்குக் கசக்கிறதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கூசாமல் தலையாட்டினேன்.

பின்னேரம் புதுத் தூளோடு பேரீச்சம்பழமும் கொண்டுவந்து, கசப்புக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவரிடம், தனக்குக் கசப்பு ஆகாதுதான் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவர் போனதும் கப்பை என்னிடம் நீட்டினாள். "இனி நீங்களே கரைச்சுத் தாங்கோ."

கரைத்தேன். கரண்டியில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அது கசக்கவே இல்லை, மெல்லிய இனிப்பு. சானுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?