ஈஸ்வரமூர்த்தி அண்ணன் சுவரில் கட்டிய நூல்

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் துணி செக்கிங் செய்யும் மேஜை இருட்டு மூலையில் கிடந்தது. நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கண் மங்கத் தொடங்கியது. துணியில் ஊசி உடைந்து விழுந்த கோடும் சின்ன ஓட்டையும் பார்வைக்குத் தப்பின. ஒரே வாரத்தில் மூன்று ரோல் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் தொழுகையில் மட்டும் அழுதேன். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், மேஜையின் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டு, அதற்கு அடியில் இரண்டு டியூப்லைட் எரிந்தது. துணியை மேலே இழுத்தால் ஓட்டை நட்சத்திரம் மாதிரித் தெரிந்தது. "சும்மா ட்ரையல் போட்டுப் பாத்தனுங்க" என்று சொல்லிவிட்டு ஃபிட்டர் ஈஸ்வரமூர்த்தி அண்ணன் ஸ்பேனரோடு போய்விட்டார். எனக்காகவே ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து செய்தார் என்பதை இரண்டு வருஷம் கழித்து வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அவர் இல்லை.

அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷினில் என்ன சத்தம் வந்தால் எது தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்வார். வேலை விட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போவார். உடைத்துப் போட்ட மெஷின்களின் விளக்கு, மணி, ஒயர் எல்லாம் பையில் வீட்டுக்கு வரும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். பால் பொங்கினால் மணி அடிக்கும். கேட் திறந்தால் ஒரு மணி, மூடினால் வேறு மணி. அவர் மனைவி செல்லாத்தாள் அக்கா என்னிடம் கேட்பார்: "ஏனுங்க சைதுன்னிசா, நான் கண்ணாலம் பண்ணிட்டு வந்தது ஊட்டுக்குங்களா, நிட்டிங் கம்பெனிக்குங்களா?"

ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தை மனையாக்கிப் புது வீடுகள் கட்டி விற்றார்கள். இரண்டிரண்டு வீடாக ஒட்டியிருக்கும். நடுவில் ஒரே சுவர். ஒன்றை அண்ணன் வாங்கினார். ஒட்டிய வீட்டை, அவர் சொல்லித்தான், நாங்கள் வாங்கினோம். என் வீட்டுக்காரர் கியாசுதீனுக்குக் கட்பீஸ் வியாபாரம். இரண்டு குடும்பமும் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு பேங்கில் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் ஹோமம் செய்து பால் காய்ச்சினார்கள். நாங்கள் யாசீன் ஓதிக் குடிபோனோம்.

நாலாம் மாதம் நடுச் சுவரில் சமையற்கட்டுப் பக்கம் ஒரு விரிசல் விழுந்தது. தலைமுடி மாதிரி மெல்லிசு. அந்தப் பக்கம் அண்ணன் வீட்டிலும் அதே இடத்தில் இருந்தது. வீட்டைக் கட்டி விற்ற தீனதயாளனைக் கூப்பிட்டோம். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "புது ஊடுங்க, செட்டாகத்தான் செய்யும். புதுச் செருப்பு கடிக்கறதில்லீங்களா?" என்று சிரித்துவிட்டு, ஆள் அனுப்பிப் பட்டி பார்த்து வெள்ளை அடித்துக் கொடுத்தார். பதினைந்து நாளில் அந்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு விரிசல் மறுபடியும் வந்தது.

அதே மாதம் அண்ணனுக்கு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்றது. எர்த் சரியில்லை என்று, வீட்டுக்குப் பின்னால் தானே குழி தோண்ட ஆரம்பித்தார். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலடி ஆழத்தில் கடப்பாரை தானாக உள்ளே போனது. அவர் குத்தவே இல்லை; கையைவிட்டு நழுவி இறங்கியது. வெளியே இழுத்தபோது அதன் முனையில் ரோஸ் நிறத்தில் பனியன் துணி நாடா நாடாவாகச் சுற்றியிருந்தது. அடுத்த குத்தில் நீலம் வந்தது. பிறகு கறுப்பு. மண்ணே வரவில்லை. எல்லாம் கம்பெனியில் வெட்டிப் போடுகிற கட்டிங் வேஸ்ட். அவர் அதை மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மிணி, பாழுங்கெணத்தைத்தான் இந்த வேஸ்ட்டைக் கொட்டி மூடுவாங்க. நாம கெணத்து மேல குடியிருக்கறோமுங்க" என்றார்.

நிலத்தை விற்ற விவசாயி அப்புசாமியிடம் போய்க் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. "கெணறு ஒண்ணு இருந்துதுங்க. லாரி லாரியா வேஸ்ட்டைக் கொண்டாந்து கொட்டி மூடுனாங்க. எந்த எடம்னா கேக்கறீங்க? அடையாளத்துக்கு ஒரு வேம்பு நின்னுது. அதையும் வெட்டிப் போட்டாங்களே சாமி."

தீனதயாளன் கிணறே இல்லை என்று சாதித்தார்.

அன்றிலிருந்து எனக்கு உயிர் உயிராக இல்லை. ஒரு கால் நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் ஒரு கால் சமையற்கட்டிலுமாக நின்று சோறு பொங்கினேன். மிக்சி ஓடினால் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். ஆயத்துல் குர்ஸி ஓதி விரிசலில் ஊதுவேன். மகள் ரைசா தண்ணீர் குடிக்க உள்ளே போனால், வெளியே வரும்வரை மூச்சு விடமாட்டேன். காலி செய்து போய்விடலாம் என்று கெஞ்சினேன். "லோனும் கட்டி, வாடகையும் கட்டறதுக்கு நான் என்ன எக்ஸ்போர்ட் ஓனரா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலும் நடுங்கியது.

அண்ணன்தான் ஒரு வழி செய்தார். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று சிவப்பு விளக்கு எரியும். நூலின் மேல் ஒரு சின்னக் கம்பி படுத்திருக்கும்; நூல் அறுந்தால் கம்பி விழும், விழுந்தால் கரண்ட் பாயும், அவ்வளவுதான். அந்தச் சாமானைக் கொண்டுவந்து விரிசலில் மாட்டினார். விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பருத்தி நூலை விறைப்பாக ஒட்டி, நடுவில் கம்பியைப் படுக்க வைத்தார். சுவர் நூலளவு விலகினாலும் நூல் அறுந்து இரண்டு வீட்டிலும் விளக்கு எரியும், மணி அடிக்கும். கரண்ட் போனாலும் பேட்டரி உண்டு. மொத்தம் நாலு இடத்தில் கட்டினார். கடைசி மூலை, பரணுக்கு மேலே, எங்கள் பக்கம் இருந்தது.

"நாம தூங்குனாலும் நூல் தூங்காதுங்க அம்மிணி. மணி அடிச்சா எதையும் எடுக்காதீங்க. புள்ளையக் கூட்டிட்டு வெளிய ஓடியாந்துருங்க."

பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம், மணி அடித்தது. தொழுகை விரிப்பிலிருந்து அப்படியே ஓடினேன். மழை தூறியது. செல்லாத்தாள் அக்கா கையில் கரண்டியோடு நின்றார். என் வீட்டுக்காரர் இடுப்பில் துண்டோடு நின்றார். தெருவே கூடிவிட்டது. அண்ணன் மட்டும் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். ஒரு பல்லி நூல் மேல் விழுந்திருந்தது.

எதிர்வீட்டு மகுடேஸ்வரன் விடவில்லை. "பல்லி உழுந்தா பலன் பாப்பாங்க. இங்க ஊடே உழுந்துருச்சுன்னு ஓடியாறாங்க! பாய், துண்டு கழண்டுக்கப் போவுது, புடிச்சுக்கோங்க!" தெரு முழுக்கச் சிரித்தது. உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர், "இன்னொரு தடவை என்னை இப்படி நிறுத்தினா, மணியைப் பிடுங்கிக் குப்பையில போட்டுருவேன்" என்றார். சொன்னால் செய்கிறவர்தான்.

இனி எழுதப்போவது என் தவறு.

ஒரு வியாழக்கிழமை, இரண்டு வீட்டிலும் வேறு யாரும் இல்லை. ஒட்டடை அடித்தபோது குச்சி பட்டு, பரணுக்கு மேலே இருந்த நூல் அறுந்துபோனது. விளக்கு எரிந்தது, மணி அடித்தது. பதறிப்போய் ஸ்டூலில் ஏறிக் கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தேன். மணி நின்றது. எதிர்வீட்டில் யாராவது கேட்டிருப்பார்களா என்றுதான் முதலில் பயந்தேன். அண்ணன் வரும்வரை அப்படியே நிற்க முடியுமா? தையல் டப்பாவில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த லைக்ரா நூல் இருந்தது. பருத்தி சும்மா சும்மா அறுகிறது, இது பலமான நூல், பல்லி விழுந்தாலும் தாங்கும் என்று நினைத்தேன். இரட்டையாக மடித்து, முடிச்சுப் போட்டு, நன்றாக ஒட்டி, கம்பியை மேலே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இழுத்தால் நீள்கிற நூல் அது. பதினாறு வருஷம் துணி பார்த்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. விளக்கு எரியவில்லை. எரியாததைப் பார்த்துப் பார்த்து விரிசலைப் பார்ப்பதையே இரண்டு வீட்டிலும் விட்டுவிட்டோம். மற்ற மூன்று நூலும் சுவரின் முன்பக்கம் இருந்தன. மண் இறங்கியது பின் மூலையில். அங்கே என் லைக்ரா இருந்தது.

ஒரு நாள் காலை, ரைசா காலேஜுக்குப் போன பிறகு, பரணிலிருந்து பெரிய சட்டியை எடுக்க ஏறினேன். நூல் பளபளவென்று, முடியைவிட மெலிந்து, விறைத்து நின்றது. அதற்குப் பின்னால் என் இரண்டு விரல் போகிற அளவுக்குச் சுவர் பிளந்திருந்தது. பிளவுக்குள்ளிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கம்பி அசையாமல் படுத்திருந்தது.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வெளியே ஓடி, "அக்கா! செல்லாத்தாக்கா! வெளிய வாங்க!" என்று கத்தினேன். நான் அவர்கள் வீட்டுக் கேட்டைத் தொடுவதற்குள் லாரியிலிருந்து பஞ்சு மூட்டை விழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அவர்கள் சமையற்கட்டின் தரை ஒரு மூலையில் கிரைண்டரோடு உள்ளே போய்விட்டது. அக்கா இடுப்பு வரை குழிக்குள் இருந்தார். "ஏனுங்க, ஏனுங்க" என்று கணவரை மட்டும் கூப்பிட்டார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஓடிவந்து சேலையை முறுக்கிக் கட்டி அவரைத் தூக்கினார்கள். கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. மதியத்துக்குள் எங்கள் சமையற்கட்டும் இறங்கிவிட்டது. உயிரை அல்லாஹ் காப்பாற்றினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "லேம்ப் எரியலீங்க அம்மிணி. நான் கட்டுனதை நம்பி அவளை உள்ள வெச்சிருந்தேன். எரியல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டேன்.

அலைந்து திரிந்து மனுக் கொடுத்த பிறகு தீனதயாளன் இரண்டு வீட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டார். போட்டதில் பாதிதான் எங்களுக்கு வந்தது. எல்லோரும் வாடகை வீட்டுக்குப் போனோம். அண்ணன் தன் ஒயர்களையும் விளக்குகளையும் மூட்டை கட்டி அதே இரும்புக் கடையில் போட்டுவிட்டார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "மிக்சி ஓடலைன்னேன். கடையில குடுத்துக்கோங்கறாரு. டெஸ்டரைக் கையில தொடறதில்லைங்க. என்ற காலு ஒடிஞ்சதவிட இதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது."

ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போவேன். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து அல்லாஹ்விடம் சொல்லி அழுதேன். ஆனால் மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதனிடம்தான் சொல்லித் தீர்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் பயம். இந்தக் கையால்தான் உங்கள் மனைவி கால் ஒடிந்தது என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சித்திரையில் அவர்கள் அக்காவின் தம்பி இருக்கிற வெள்ளகோவிலுக்கே போவதாக முடிவானது. அங்கே போன எட்டாம் மாதம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். எனக்கு போன்தான் வந்தது. அதனால் அவர்கள் சாமான் ஏற்றிய அந்தக் காலைதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அக்கா வாக்கரோடு டெம்போவின் முன்சீட்டில் ஏறிவிட்டார். அண்ணன் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பிஸ்மி சொல்லிவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"அண்ணா, லேம்ப் மேல தப்பில்லீங்க. பரணுக்கு மேல இருந்த நூலை நான்தான் அறுத்தேன். லைக்ரா போட்டு நான்தான் கட்டினேன்."

கயிறு அவர் கையில் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டுப் பக்கம் பார்த்தார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது.

"பயந்துட்டேங்கண்ணா."

கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். மறுபடி நிறுத்தினார். "லைக்ராவுங்களா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இரண்டு கையையும் மார்புக்கு நேரே வைத்து, இல்லாத ஒரு நூலை மெதுவாக இழுத்துப் பார்த்தார். கண் சுருங்கியது. மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது அப்படித்தான் சுருங்கும்.

"இருபது டீனியருங்களா, நாப்பதுங்களா?" நூலின் தடிமன் கணக்கைக் கேட்டார்.

"தெரியலீங்கண்ணா. ரெட்டையாக் கட்டினேன்."

"ஏனுங்க, வெயிலேறுது, அங்க என்ன பேச்சு?" என்று அக்கா கூப்பிட்டார். அண்ணன் போய் ஏறிக் கதவைச் சாத்தினார். டெம்போ நகர்ந்தது. பத்தடி போனதும் தலையை வெளியே நீட்டினார்.

"நாப்பதாத்தானுங்க இருக்கும் அம்மிணி! இருபதா இருந்தா, ரெட்டையாப் போட்டாலும் அறுந்திருக்கும்!"