பதினொரு விநாடிக்காரர்

2003 டிசம்பர் 29, திங்கட்கிழமை. எழுந்தது 5.10. பால் 5.35, அரை லிட்டர். குழாயில் தண்ணீர் 6.20 முதல் 7.05 வரை, ஏழு குடம். காலைக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. கிறிஸ்துமஸுக்கு மொட்டை மாடியில் கட்டியிருந்த காகித நட்சத்திரத்தில் பல்பு போயிருந்தது, மாற்றினேன். அரையாண்டு விடுமுறை, பள்ளி இல்லை. 11.00, டவுனுக்குப் போய் செல்போன் வாங்குதல்.

டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. பத்து மணி வரைக்கும் கையெழுத்து நேராக இருக்கிறது. சாயங்காலத்துக்குப் பிறகு எழுதியதை இன்று என்னாலேயே சில இடங்களில் வாசிக்க முடியவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. ஜனவரி 3 சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்குக் கிளம்ப வேண்டும், மறுநாள் விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. ஊறுகாய் கசியாமல் மூன்று உறை போட்டாகிவிட்டது. பாக்கி இருந்தது போன் ஒன்றுதான்.

மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளைப் பேச வைப்பது பிரச்சினை இல்லை, நிறுத்த வைப்பதுதான் பிரச்சினை. என் கவலையெல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். கப்பலூரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவர். நேரில் அளவாகப் பேசுவார். போனில் பேசவே மாட்டார்.

இதை நான் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. அக்டோபரில் சான்றிதழ் அத்தாட்சிக்காக மூன்று நாள் சென்னையில் தங்கியபோது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரைக் கூப்பிட்டேன். பூத்தில் கொடுத்த சீட்டுகளை டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் நாள் 14 விநாடி. இரண்டாம் நாள் 11. மூன்றாம் நாள் 9. மூன்று நாளும் அவர் சொன்னது ஒன்றேதான்: "ம். சரி. வை."

சராசரி பதினொரு விநாடி. ஒரு தீவில் இரண்டு வருடத்தை தினசரி பதினொரு விநாடியை வைத்துக்கொண்டு ஓட்ட முடியுமா? வேலை கிடைத்த நாளிலிருந்து இந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் "ம்" என்பார்.

வழி இல்லாத இடத்தில் அட்டவணை போடுவது என் வழக்கம். போட்டேன். அவர் பேசத் தேவையில்லை, மிஸ்டு கால் கொடுத்தால் போதும். ஒரு மணி அடித்து நின்றால் 'எல்லாரும் சுகம்'. இரண்டு மணி என்றால் 'நீ கூப்பிடு'. மூன்று மணி என்றால் 'அவசரம்'. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கூப்பிடுவேன், அவர் தன் பதினொரு விநாடியைச் சொல்லிக்கொள்ளலாம். இதைக் கட்டம் போட்டு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

அவர் படித்துப் பார்த்தார். "ம்" என்றார்.

கடை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் இருந்தது. அரை நாள் லீவு போட்டு அவரும் வந்தார். கையில் பதின்மூன்று கேள்விகள் எழுதிய தாளோடு போயிருந்தேன். மாலத்தீவுக்கு எனக்கு முன்னால் போன தோழி ஒருத்தி கடிதம் போட்டிருந்தாள்: சிம் கார்டு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த சிம்மை ஏற்கிற போனாகப் பார்த்து வாங்கு, டார்ச் இருந்தால் நல்லது, கரண்ட் போகும்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஒரு மடக்குப் போன். திறந்தால் நீல வெளிச்சம். விலையும் குறைவு. எனக்கே கை நீண்டுவிட்டது. தாளைப் பார்த்தேன்.

"கேள்வி நாலு. இதுல சிம்மைக் கழற்றி வேற சிம் போடலாமா?"

"இதுல சிம்மே கிடையாது டீச்சர். நம்பர் போனுக்குள்ளயே இருக்கும்."

"அப்ப கடல் தாண்டினா?"

"கடல் தாண்டினா டப்பா டீச்சர். பிள்ளைகளுக்கு விளையாடக் குடுக்கலாம்."

எட்டாவது கேள்விக்குள் கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அண்ணே, டீச்சர் போன் வாங்க வந்துருக்காகளா, இன்ஸ்பெக்சனுக்கு வந்துருக்காகளா?"

"ரெண்டும்," என்றார் இவர். அந்தக் கடையில் அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

உச்சியில் டார்ச் வைத்த சாம்பல் நிறப் போன்கள் இரண்டு எடுத்தோம். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. அடுத்தது திட்டம். அவருடைய போனுக்கு இரண்டு விதம் இருந்தது. ஒன்று மாதாந்திர பில்: வெளிநாட்டுக்கும் பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மற்றது ஆறு மாதக் கார்டு: வருகிற அழைப்பை எடுக்கலாம், வெளிநாட்டுக்கும் மிஸ்டு கால் கொடுக்கலாம், பேச என்று அதில் கொஞ்ச நேரம்தான் உண்டு.

"அண்ணன் நிறையப் பேசுவாகளா?"

"பதினோரு விநாடி," என்றேன்.

"ஒரு நாளைக்கா?"

"அதிகபட்சம் பதினாலு. சீட்டு இருக்கு."

கடைக்காரர் அவரை மரியாதையோடு ஒரு பார்வை பார்த்தார். "அப்ப கார்டே ஜாஸ்தி டீச்சர்." கார்டே போட்டோம். புறப்படும் வரை சோதித்துப் பார்க்க எனக்கும் அதே மாதிரி ஒரு கார்டு. ஆறு மணிக்குள் டவர் வந்துவிடும் என்றார். பில் போட்டு வெளியே வரும்போது மணி 1.25.

டவர் வந்தது 5.48-க்கு. திட்டப்படி 6.15-க்குச் சோதனை. அவர் தெருமுனைக்குப் போய் ஒரு மணி மட்டும் அடித்து வைக்க வேண்டும். நான் மொட்டை மாடியில் கைக்கடிகாரத்தோடு நிற்க வேண்டும். எங்கள் வில்லாபுரம் வீட்டில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரரான அக்கா குடும்பம்.

6.15-க்குப் போன் அடித்தது. ஒன்று. நிற்கவில்லை. இரண்டு. 'நீ கூப்பிடு'. மூன்று. 'அவசரம்'. நான்கு, ஐந்து. அட்டவணையில் ஐந்து கிடையாது. எட்டாவது மணியில் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. மறுபடியும் அடித்தது. எடுத்துவிட்டேன்.

"போனை எடுக்க மாட்டியா?"

"மிஸ்டு காலுன்னுதான பேச்சு! ஒரு மணி அடிச்சு வைக்கச் சொன்னா எட்டு அடிக்கிறீங்க?"

"எட்டும் எடுக்கலைல்ல? அப்ப அது மிஸ்டு கால்தான."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை மடக்கிய வாக்கியங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

"மாடியிலதான் நிக்கிற? தெரியுது. நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் மாதிரி."

போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தேன். அவர் நம்பர்தான்.

"ஏங்க, நீங்கதான் பேசுறீங்களா?"

"பின்ன யாரு, கடைக்காரரா? இரு, இரு, நடந்துக்கிட்டே பேசுறேன். இது நல்லா இருக்கு. கயிறே இல்ல பாரு!"

அவர் நடந்தார். அவனியாபுரம் போகிற ரோட்டில் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பரோட்டாக்கடையில் கல் சூடேறிவிட்டதாம். ஸ்கூட்டரில் ஒருவர் ஆளுயரக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு போகிறாராம், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அதில் தலை சீவிக்கொள்கிறார்களாம். ஸ்டோரில் அன்று மத்தியானம் வால்வு ரப்பர் கேட்டு வந்தவர் கட்டை விரலை வாஷருக்குள் விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார், அந்த ஆள் குரலிலேயே. நான் சிரித்துச் சிரித்து தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே முற்றத்தில் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன டீச்சர், காலேஜ் பிள்ளை மாதிரி சிரிக்கிறீங்க? யாரு லைன்ல?"

"எங்க வீட்டுக்காரர்தான்க்கா."

"அய்ய, அவருக்குப் பேச வருமா?"

அக்கா கேட்டதை அப்படியே போனில் சொன்னேன்.

"அவுக வீட்டுலதான் வராது," என்றார்.

பதினொரு வருடமாக எங்களுக்குச் சொந்தப் போன் இல்லை. எங்களுக்கு வருகிற அழைப்பெல்லாம் அக்கா வீட்டுக்கு வரும். அழைப்பிதழ்களிலும் விண்ணப்பங்களிலும் அந்த நம்பரைப் போட்டு பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட்டுத் தருவார்கள் என்று அர்த்தம். போன் கூடத்து நடுவில், டி.வி.க்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் இருந்தது. அக்கா கீழேயிருந்து "போன்!" என்று குரல் கொடுத்தால் இவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார்.

"நான் உள்ள போனதும் டி.வி.யைக் குறைப்பாங்க," என்றார் இப்போது. "சாப்பிடுறவங்க கையை நிறுத்திருவாங்க. கரண்டிச் சத்தம்கூட வராது. ஆறு பேர் மூச்சு விடாம உக்கார்ந்திருப்பாங்க. அப்புறம் அவங்களுக்குள்ள சௌராஷ்டிர பாஷையில ஏதோ மெதுவாப் பேசுவாங்க. எனக்கு ஒரு எழுத்து புரியாது, என்னையத்தான் சொல்றாங்கன்னு தோணும். அம்புட்டுப் பேரு முன்னாடி பொண்டாட்டிகிட்ட என்னத்தப் பேசச் சொல்ற? ம், சரி, வைன்னு வச்சிட்டு வந்துருவேன்."

"சென்னையில இருந்து கூப்பிட்டப்பவும் அதான?"

"அஞ்சு மணிக்கே கப்பலூர்ல இருந்து வந்து மாடிப்படியில உக்கார்ந்திருப்பேன். நீ ஆறு மணிக்குன்னா ஆறு மணிக்குத்தான கூப்பிடுவ."

நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். பூத்துச் சீட்டிலிருந்த பதினொரு விநாடிக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. அது சீட்டில் அச்சாகவில்லை.

"கேளு," என்றார். குரல் தணிந்துவிட்டது. "ரெண்டு மாசமா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். மூஞ்சியப் பார்த்தா வரமாட்டேங்குது. வந்து, நான்..."

டொய்ங் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

திரையில் 26 நிமிடம் 40 விநாடி. ஆறு மாதத்துக்கென்று நான் கணக்குப் போட்டு வாங்கிய பேச்சை அவர் ஒரே நடையில் தீர்த்துவிட்டிருந்தார்.

என் போனிலிருந்து உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "கட்டாயிருச்சு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். யாருடைய தப்பு என்று ஒரு சண்டை, அதற்கு ஒரு சிரிப்பு, எங்கே நிற்கிறார் என்று ஒரு விசாரணை. அவர் பால் கடை வரைக்கும் போய்விட்டாராம். அந்த விசாரணையிலேயே என் கார்டும் தீர்ந்தது. கேள்வி கேள்வியாகவே நின்றது.

மாடியிலிருந்து இறங்கி அக்காவிடம் போனேன். டி.வி.யை ஏன் குறைப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மரியாதைக்குத்தான் டீச்சர்! நீங்க பேசுறப்ப நாங்க சத்தமா வச்சா நல்லாவா இருக்கும்?"

"அப்புறம் உங்க பாஷையில என்ன பேசிக்குவீங்க?"

அக்கா யோசித்தார். "அது... பாவம், அவருக்குப் பேச இடைஞ்சலா இருக்கும், எல்லாரும் சும்மா இருங்கன்னு பிள்ளைகளை அதட்டுவேன்."

நான் அங்கேயே முற்றத்தில் உட்கார்ந்து மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தேன். விஷயம் தெரிந்ததும் அக்காவும் சலித்த கோலப்பொடியைத் தட்டிவிட்டுச் சிரித்தார். பதினொரு வருடமாக அவர்கள் மரியாதை காட்டக் காட்ட, இவர் வாயை மூடிக்கொண்டே போயிருக்கிறார்.

அவர் 7.20-க்குப் பால் பாக்கெட்டோடு வந்தார். வாசலில் நின்று நான் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"என்னமோ கேக்கணும்னீங்களே?"

"ம். பால் வாங்கிட்டு வந்தேன்."

"அதில்ல. கட்டாகுறப்ப."

அவர் காது சிவந்தது. "போன்ல சொல்றேன்," என்று பாலைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடும்போது இரண்டு தடவை என்னைப் பார்த்துத் தானாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று டைரியில் குறிப்பு இல்லை. கடைசியில் இப்படி இருக்கிறது: "அட்டவணை தவறு. சராசரி சரி, எடுத்த இடம் தவறு. கார்டு வேண்டாம். மாதாந்திர பில். ரேஷன் கார்டு நகல் 2, போட்டோ 1, நாளை 10.00."

பத்து மணி வரை காத்திருக்க முடியவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. எழுந்தது 4.50. பல் துலக்கவில்லை, பால் வாங்கவில்லை. முதல் வேலையாக, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பூத்து திறக்கும் முன்பே போய் நின்று, 5.40-க்கு ரீசார்ஜ் கார்டு ஒன்று வாங்கினேன். அங்கேயே சாவியால் சுரண்டி, எண்களை இரண்டு முறை சரிபார்த்து, கையோடு கொண்டு வந்திருந்த அவருடைய போனில் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, போனைக் கையில் கொடுத்து, "தெருமுனைக்குப் போங்க," என்றேன். ஏன் என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கினார். நான் மாடியேறி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதல் மணியிலேயே எடுத்தேன்.

"கோடை லீவுக்கு நான் அங்க வாரேனே," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடட்டுமா?"